தாரை படிமமும் நூதனசாலையின் அறமும்

கல்முனையிலிருந்து வடக்கே செல்லும் கடலோரப் பாதை மட்டக்களப்பைக் கடந்து திருகோணமலையை நாடுகின்றது. அவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட கரையில், பௌத்தர் போற்றும் தாரையின் வெண்கலப் படிமம் ஒன்று கிடைத்தது. பொன்முலாம் பூசிய அப்படிமத்தின் உயரம் ஏறத்தாழ 143 சென்ரிமீற்றர். காலம் 8ஆம் நூற்றாண்டளவு. 1812 முதல் 1820 வரை இலங்கைத் தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் பிறவுண்றிக் அதனைப் பெற்று, 1830இல் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலைக்கு அளித்தார்.

கிடைத்த ஊர் எது? அருகே கோயில் இருந்ததா? அயலில் வேறு பொருள்கள் கிடந்தனவா? இவற்றுக்கு ஏட்டில் விடையில்லை. படிமம் பிழைத்தது, அதன் வரலாறு பிழைக்கவில்லை. இடமும் உடனிருந்தவையும் குறிக்கப்படாத தொல்பொருள், முகவரி கிழிந்த கடிதத்தை ஒக்கும்.

அந்நாளில் இதனைத் தடுக்கச் சட்டமுமில்லை. ஏற்றுக் காக்க இல்லமுமில்லை. வாப்பிச்சி மரைக்கார் கட்டியெழுப்பிய கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது 1877இலேயே. தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940இல் பிறந்தது. அதன்படி, உரியவரில்லாத தொல்பொருள் அரசுக்கே உரியது. அனுமதியின்றி அகழ்தலும் பிறநாட்டுக்கு அனுப்புதலும் குற்றமாகும். களவாடிய பண்பாட்டுப் பொருள்களின் வாணிபத்தைத் தடுக்க யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் எழுந்தது.

ஆயினும் சட்டம் மட்டும் போதுமா? பர்மாவின் கச்சின் பகுதியில், ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் மரப்பிசினில் அகப்பட்ட பூச்சிகளும் சிற்றுயிர்களும், பிசின் இறுகிய அம்பர்க் கட்டிகளினுள் உருக்கெடாது கிடைக்கின்றன. அத்தர் வணிகர் விற்கும் அம்பர் வேறு. புதைபடிவங்களை வெளியே கொண்டு செல்ல அந்நாட்டுச் சட்டம் தடை விதிக்கின்றது. ஆனால் அம்பர் இரத்தினக்கல்லாகக் கணிக்கப்படுவதால் அத்தடைக்குத் தப்புகின்றது. 2017இல் இராணுவம் அச்சுரங்கப் பகுதியைக் கைப்பற்றியது. அதன்பின் விலைக்கு வாங்கிய மாதிரிகளைப் பற்றிய ஆய்வுகளை வெளியிடாதிருக்குமாறு, 2020இல் முள்ளந்தண்டு விலங்குத் தொல்லுயிரியற் சங்கம் அறிவியற் சஞ்சிகைகளை வேண்டியது. சட்டத்தின் இடுக்கில் நுழைந்த பொருளை அறம் வாயிலில் நிறுத்தியது.

1765இல் கண்டியிற் கவரப்பட்ட பீரங்கி உட்பட ஆறு பொருள்களை நெதர்லாந்து 2023இல் இலங்கைக்கு மீளக் கையளித்தது. தாரையோ இன்னும் இலண்டனிலேயே உள்ளாள். சில விலக்குகள் தவிர, சேகரிப்பிலுள்ளவற்றைக் கொடுத்துவிட 1963ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் இடந்தராது.

சம்மாந்துறை வயலிலோ நிந்தவூர்க் கரையிலோ மண்வெட்டி முனையில் ஒரு பழங்காசு தட்டுப்படலாம். அதற்குத் தரகர் கூறும் விலை ஒருநாட் செலவுக்குப் போதும். கண்ட இடத்தைக் குறித்துத் தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவித்தாலோ, அவ்வூரின் வரலாற்றில் ஓர் ஏடு கிடைக்கும். தாரைக்கு வாய்க்காதது அதுவே.