ஓமின் விதி பிறந்த வரலாறு

பாடசாலையிற் பௌதிகவியல் பயிலும் மாணவன் மின்சுற்றுக் கணக்கொன்றைச் செய்யப் புகும்போது முதலில் எழுதுவது ஓமின் விதியையே. கடத்தியொன்றின் இரு முனைகளுக்குமிடையேயுள்ள அழுத்த வித்தியாசத்தை அதனூடு செல்லும் மின்னோட்டத்தால் வகுக்க, அக்கடத்தியின் தடை பெறப்படும். மூன்றெழுத்துக்களில் அடங்கும் இவ்விதியை ஒரே நாளிற் கற்றுவிடலாம். ஒரு மணி நேரத்தில் அதனைக்கொண்டு பத்துக் கணக்குகளைச் செய்து முடித்தலுங் கூடும். ஆயின், 1800 ஆம் ஆண்டில் வோல்ற்றா என்னும் இத்தாலிய அறிஞர் தம் மின்கலவடுக்கை உலகிற்கு அறிவித்த காலந்தொட்டு இவ்விதி அறிஞருலகில் நிலைபெறும் வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழிந்தன. இத்துணை எளிய உண்மையைக் காண்பதற்கு அறிவிற் சிறந்தோர் பலர் இத்துணைக் காலம் இடர்ப்பட்டது யாது காரணத்தால் என்பது ஆராயத்தக்கது. கருவிகளின் குறைபாடு ஒரு காரணமே. அதனினும் பெரிய காரணம், ஒன்றோடொன்று கலந்து கிடந்த கருத்துக்கள் பிரித்தறியப்படாமையாகும்.

அக்காலத்து அறிஞர் மின்னைப் பற்றிப் பேசுமிடத்து அதன் 'அளவு' என்றும் 'செறிவு' என்றும் இரு சொற்களை வழங்கினர். பெரிய தகடுகளையுடைய ஒற்றைக் கலம் மின்னை மிகுதியாகத் தருமென்றும், சிறிய கலங்கள் பலவற்றைக் கொண்ட அடுக்கு செறிவுமிக்க மின்னைத் தருமென்றும் அவர் கருதினர். இவ்விரண்டிற்குமுள்ள தொடர்பு யாதென எவரும் தெளிவுறக் கூறவில்லை. மின் செல்லும் கம்பியானது அம்மின்னை எவ்வாறு மட்டுப்படுத்துகின்றது என்பதும் விளங்காதிருந்தது.

இத்துறையில் முதன்முதல் நுண்ணிய ஆராய்ச்சி செய்தவர் இங்கிலாந்து தேசத்து ஹென்றி கவெண்டிஷ் ஆவர். மின்னோட்டத்தை அளக்குங் கருவியெதுவும் தோன்றாத காலத்தில் அவர் தம் உடலையே கருவியாகக் கொண்டார். உப்புநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களினூடு மின்னைச் செலுத்தி, தம் உடலில் உண்டாகும் அதிர்ச்சிகள் ஒத்திருக்கும் வரை நீர்க்கம்பத்தின் நீளத்தை மாற்றி, வெவ்வேறு திரவங்களின் தடைகளை ஒப்பிட்டார். 1781 ஆம் ஆண்டளவில் ஓமின் விதியை நெருங்கிய முடிபுகளையும் அவர் எய்தியிருந்தார். ஆயினும் அவற்றை வெளியிடாது 1810 இற் காலமானார். அக்குறிப்புக்களை மக்ஸ்வெல் பதிப்பித்து 1879 இல் வெளியிட்டபோது உலகம் அவ்வுண்மைகளைப் பிறர்வாயிலாக முன்னரே அறிந்துவிட்டது. வெளியிடப்படாத அறிவு குடத்துள் விளக்காயிற்று.

1820 இல் டென்மார்க்கு நாட்டு ஏர்ஸ்ரெட், மின்னோட்டம் காந்தவூசியைத் திருப்புமென்பதைக் கண்டறிந்தார். அதன் பின்னர் மனிதவுடலின் அதிர்ச்சியை நம்பவேண்டிய நிலை நீங்கியது. ஊசியின் திரும்பலே ஓட்டத்தின் அளவாயிற்று. மறு ஆண்டில் ஹம்பிரி டேவி, உலோகக் கம்பியின் கடத்துதிறன் நீளம் கூடக் குறையுமென்றும், குறுக்குவெட்டுப் பரப்புக் கூடக் கூடுமென்றும், வெப்பம் ஏறக் குறையுமென்றும் காட்டினார். எனினும் 1825 இல் ஆங்கிலேயரான பீற்றர் பார்லோ, கம்பி நீளுந்தோறும் ஓட்டம் அந்நீளத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்மாறாகக் குறைகின்றதென ஒரு விதியைக் கூறினார். இருநூறு அடிக் கம்பியிலேயே ஓட்டம் பெரிதுங் குறைந்தமை கண்டு, மின்னாற் செய்தியனுப்புதல் இயலாத காரியமென்றும் அவர் முடிவு செய்தார். அவர்தம் சோதனை பொய்யன்று. கம்பியை மாத்திரம் நோக்கி, மின்கலம் முதலாய ஏனைய பகுதிகளைக் கணக்கிற் சேர்க்காமையே அவர் செய்த பிழையாகும்.

இப்பிழையை நீக்கியவர் ஜேர்மனியரான கேயோர்க் சைமன் ஓம். அவர் 1789 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16 ஆந் திகதி ஏர்லாங்கன் நகரிற் பிறந்தார். தந்தையார் பூட்டுச் செய்யுங் கொல்லர். முறையான கல்வி பெறாதவராயினும் தம் முயற்சியாற் கணிதங் கற்றுத் தம் மைந்தர் இருவருக்கும் அதனைத் தாமே கற்பித்தவர். ஓம் பல்கலைக்கழகம் புகுந்து மூன்று பருவங்களின் பின் அதனை விட்டு நீங்கி, சுவிற்சலாந்தில் ஆசிரியராய்ப் பணிபுரிந்து, பின்னர் மீண்டு 1811 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1817 இற் கொலோன் நகரத்து உயர்தரப் பாடசாலையொன்றில் அவருக்கு ஆசிரியப் பதவி கிடைத்தது. நல்ல ஆய்வுகூடம் அங்கு அமைந்திருந்தமை அவர் செய்த நற்பேறாகும். பல்கலைக்கழகப் பேராசிரியராதல் வேண்டுமென்னும் அவாவினால், கற்பித்தல் ஒழிந்த நேரங்களில் அவர் ஆராய்ச்சியில் ஈடுபட்டார்.

1825 இல் அவர் வெளியிட்ட முதற் கட்டுரை பிழையான விதியொன்றையே கொண்டிருந்தது. அவர் பயன்படுத்திய மின்கலங்களின் வலிமை நிலையாக நில்லாது, சுற்றை மூடியவுடன் குறைந்தும், திறந்து வைத்தபின் மீண்டுங் கூடியும் வந்தது. மூலம் நிலையாக இல்லாதபோது கம்பியின் விளைவை எவ்வாறு அளப்பது? அக்கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையின் ஆசிரியர் பொகெண்டோர்ப், மின்கலத்திற்குப் பதிலாக வெப்பவிணையைப் பயன்படுத்துமாறு ஆலோசனை கூறினார். வெவ்வேறு உலோகங்கள் இரண்டைப் பொருத்தி, பொருத்துகளை வேறுவேறு வெப்பநிலைகளில் வைப்பின் மின்னோட்டம் உண்டாகுமென்பதை சீபெக் 1821 இற் கண்டிருந்தார். ஓம் பிசுமதும் செம்பும் சேர்ந்த வெப்பவிணையொன்றை அமைத்து, ஒரு பொருத்தைக் கொதிநீரிலும் மற்றதை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். இவ்விரு வெப்பநிலைகளும் இயற்கையாகவே மாறாதிருப்பன. ஆதலின் மூலமும் மாறாதிருந்தது.

அதன்பின் ஒரே தடிப்பும் வெவ்வேறு நீளமுமுடைய எட்டுச் செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்தார். அவற்றின் நீளங்கள் முறையே 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலங்களாகும். மெல்லிய உலோகத் தகட்டிழையில் தொங்கிய காந்தவூசியை, அது திரும்பியபின், இழையை முறுக்கிப் பழைய நிலைக்குக் கொணர்ந்து, அம்முறுக்கலின் அளவை ஓட்டத்தின் அளவாகக் கொண்டார். 1826 ஆம் ஆண்டு சனவரி மாதம் 8 ஆந் திகதி அவர் பெற்ற வாசிப்புக்கள் முறையே 326¾, 300¾, 277¾, 238¼, 190¾, 134½, 83¼, 48½ என்பனவாம்.

இவ்வெண்களை ஒரு கணக்காகவே கொண்டு நோக்குதல் பயனுடைத்து. நீளம் 2 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாக இரட்டித்தபோது ஓட்டம் பாதியாகவில்லை. பன்னிரண்டில் ஒரு பங்களவே குறைந்தது. எனவே ஓட்டம் கம்பியின் நீளத்திற்கு மாத்திரம் நேர்மாறானதன்று. ஓம் கண்ட தொடர்பு வருமாறு: கம்பியின் நீளத்தோடு மாறாத எண்ணொன்றைக் கூட்டி, வேறொரு மாறாத எண்ணை அக்கூட்டுத்தொகையால் வகுக்க ஓட்டம் பெறப்படும். 4 அங்குலத்திற்குரிய 300¾ ஐயும் 130 அங்குலத்திற்குரிய 48½ ஐயும் கொண்டு இரு சமன்பாடுகளை எழுதித் தீர்த்தால், கூட்டவேண்டிய எண் ஏறக்குறைய 20¼ எனவும், வகுக்கப்படும் எண் ஏறக்குறைய 7285 எனவும் வரும். ஓம் தந்த எண்களும் இவையே. இனி 18 அங்குலக் கம்பிக்கு ஓட்டம் யாதாதல் வேண்டும்? 18 உடன் 20¼ ஐக் கூட்ட 38¼. 7285 ஐ அதனால் வகுக்க ஏறக்குறைய 190½. சோதனையிற் கிடைத்தது 190¾. 34 அங்குலத்திற்குக் கணித்தால் 134.3, கிடைத்தது 134½. எட்டுக் கம்பிகளுள் எதற்கும் கணிப்பிற்கும் வாசிப்பிற்குமுள்ள வேறுபாடு நூற்றுக்கு இரண்டைத் தாண்டவில்லை.

இவ்விரு எண்களின் பொருளை அறிந்ததிலேயே ஓமின் பெருமை தங்கியுள்ளது. அவர் பொருத்துகளின் வெப்பநிலை வித்தியாசத்தைக் குறைத்துச் சோதனையை மீண்டுஞ் செய்தார். அப்போது 7285 என்னும் எண் குறைந்தது; 20¼ என்னும் எண் மாறவில்லை. ஆகவே முன்னையது மூலத்தின் இயக்கும் வலிமை. பின்னையது மூலம் உட்படச் சுற்றின் ஏனைய பகுதிகளின் தடை. அப்பகுதிகள் யாவும் சேர்ந்து 20¼ அங்குலக் கம்பிக்குச் சமமான தடையைத் தந்தன. இதுவே இன்று மின்னியக்க விசையென்றும் அகத்தடையென்றும் வேறுபடுத்திக் கூறப்படுவது. முன்னோரிடத்துக் கலந்து கிடந்த இரு கருத்துக்கள் இங்ஙனம் பிரிந்தன.

1827 இல் ஓம் தம் கொள்கையைக் கணிதமுறையால் விளக்கும் நூலொன்றைப் பேர்லினில் வெளியிட்டார். வெப்பம் உலோகத்திற் பரவுவதைப் பற்றிப் பிரான்சிய அறிஞர் பூரியே 1822 இல் எழுதிய நூலின் முறையைப் பின்பற்றி அது அமைந்திருந்தது. தாம் வருந்திச் செய்த சோதனைகளை அந்நூலில் அவர் விரித்துரைக்கவில்லை. அதனாற் சோதனையை விரும்பியோர் கணிதத்தைக் கண்டு அஞ்சினர். தத்துவ நோக்கினரோ அதனை வெறும் கற்பனையென இகழ்ந்தனர். ஆராய்ச்சிக்காக அரைச் சம்பளத்தில் விடுமுறை பெற்றுப் பேர்லின் சென்றிருந்த ஓமிற்கு அவர் நாடிய பதவி கிடைக்கவில்லை. 1828 இற் கொலோன் பதவியையும் துறந்து, பேர்லினில் இராணுவக் கல்லூரியிற் சில மணி நேரம் கணிதங் கற்பித்துக் காலங் கழித்தார். 1833 இலேயே நூரன்பேர்க் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் அவருக்குப் பேராசிரியப் பதவி கிடைத்தது.

இவ்விதியை அறியாமையால் நேர்ந்த இடர்ப்பாட்டை அமெரிக்காவில் யோசேப்பு ஹென்றி செய்த சோதனைகள் நன்கு காட்டும். 1831 இல் அவர் வெளியிட்ட சோதனைகளில், ஆயிரத்தறுபது அடிக் கம்பியினூடு மின்னைச் செலுத்தியபோது, இருபத்தைந்து சோடித் தகடுகளைக் கொண்ட அடுக்கு மின்காந்தத்தை நன்கு இயக்கியது. ஒற்றைக் கலமோ அத்துணைப் பயன் தரவில்லை. அவர் இதனை அனுபவத்தாற் கண்டாரேயன்றிக் காரணங் கணித்தாரல்லர். இன்று மாணவன் சில வரிகளில் அதனைக் கணிப்பான். ஒவ்வொரு கலமும் 1 வோல்ற்று மின்னியக்க விசையும் 1 ஓம் அகத்தடையும் உடையதெனக் கொள்க. 0.1 ஓம் தடையுடைய குறுங்கம்பியில் ஒரு கலம் 0.91 அம்பியர் ஓட்டத்தைத் தரும். இருபத்தைந்து கலங்களைத் தொடர்நிலையில் இணைத்தாலும் ஓட்டம் 1 அம்பியரை எட்டாது. விசை இருபத்தைந்து மடங்காகும்போது அகத்தடையும் அத்துணை மடங்காகின்றதன்றோ? அவற்றையே சமாந்தரமாக இணைப்பின் ஓட்டம் 7.1 அம்பியராகும். கம்பியின் தடை 100 ஓமாயின் நிலைமை தலைகீழாகும். ஒரு கலம் ஏறக்குறைய 0.01 அம்பியரையே தரும். சமாந்தர இணைப்பும் அவ்வளவே தரும். தொடர்நிலை இணைப்போ 0.2 அம்பியரைத் தரும். 'அளவு', 'செறிவு' என்று அறிஞர் நெடுங்காலம் மயங்கிய மயக்கம் இச்சிறு கணக்கில் தீர்ந்துவிடுகின்றது. நெடுந்தூரத் தந்தி இயலாதென்ற பார்லோவின் முடிபும் இதனால் வீழ்கின்றது.

ஓமின் பெருமையை முதலில் முறையாகப் போற்றியது அயல்நாடே. 1841 இல் இங்கிலாந்தின் வேத்தியற் கழகம் அவருக்குக் கோப்ளி பதக்கத்தை வழங்கியது. 1843 இல் தந்தித் தொழிலில் ஈடுபட்டிருந்த வீற்ஸ்ரன், தடைகளை அளக்கும் முறைகளை அக்கழகத்தின் முன் விளக்கினார். அவற்றுள் ஒன்றே இன்று வீற்ஸ்ரன் பாலமென வழங்குவது. அதனை முதலிற் கண்டவர் 1833 இல் அதைப் பற்றி எழுதிய கிறிஸ்ரி என்பதை வீற்ஸ்ரன் ஒளியாது கூறினார். எனினும் பெயர் அவருக்கே நிலைத்தது. 1845 இல் கோனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த, இருபத்தொரு வயதே நிரம்பிய கேர்ச்சோவ், கிளைகள் பலவுள்ள சுற்றுக்குரிய இரு விதிகளை வெளியிட்டார். சந்தியொன்றை அடையும் ஓட்டங்களின் கூட்டுத்தொகை அதனை விட்டு நீங்கும் ஓட்டங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். மூடிய தடமொன்றிலுள்ள மின்னியக்க விசைகளின் கூட்டுத்தொகை, அத்தடத்தின் ஓட்டங்களைத் தத்தம் தடைகளாற் பெருக்கிக் கூட்டிய தொகைக்குச் சமம். எத்துணைச் சிக்கலான சுற்றாயினும் இவ்விரண்டாலும் தீர்க்கப்படும்.

எனினும் அறிவு ஏட்டிலிருப்பது போதாதென்பதை 1858 ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அத்திலாந்திக்குச் சமுத்திரத்தின் அடியில் இடப்பட்ட முதலாவது தந்திக் கம்பி, சில வாரங்களுள் செயலற்றுப் போயிற்று. அதற்குப் பொறுப்பாயிருந்த மின்வினைஞர் உவைற்ஹவுஸ், ஏலவே பழுதுற்றிருந்த கம்பியில் ஏறக்குறைய ஈராயிரம் வோல்ற்று அழுத்தத்தைச் செலுத்தியமை அதன் அழிவை விரைவுபடுத்தியது. மெல்லிய ஓட்டத்தை நுண்கருவியால் அறிதலே தக்கதென்ற தொம்சனின் கொள்கை பின்னர் வென்றது. 1866 இல் நிலையான கம்பி இடப்பட்டது. கம்பியின் தடையை அளக்கப் பொதுவான அலகு வேண்டுமென்னும் தேவையும் இதனாலேயே வலுத்தது. தொம்சனின் தூண்டுதலால் 1861 இற் பிரித்தானிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் அமைத்த குழுவில் மக்ஸ்வெல்லும் பணியாற்றினார். 1881 இற் பாரிசு மாநகரிற் கூடிய சர்வதேச மகாநாடு தடையின் அலகிற்கு 'ஓம்' என்னும் பெயரை உறுதிப்படுத்தியது.

ஓம் அதனைக் காண இருக்கவில்லை. 1852 இல், தம் அறுபத்து மூன்றாம் வயதில், மியூனிச் பல்கலைக்கழகத்தில் அவர் வாழ்நாள் முழுவதும் விரும்பிய பேராசிரியப் பதவியைப் பெற்று, இரண்டாண்டுகளின் பின் 1854 ஆம் ஆண்டு யூலை மாதம் 6 ஆந் திகதி காலமானார்.

இவ்வரலாறு மாணவர்க்கு உணர்த்துவது ஒன்றுண்டு. சுற்றுக் கணக்கிற் பிழைவிடுவோர் பெரும்பாலும் பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழைவிடுவதில்லை. சுற்றின் ஒரு பகுதியை மாத்திரம் நோக்கி மூலத்தின் அகத்தடையை மறத்தலும், முழுச்சுற்றின் விசையை ஒரு கம்பியின் முனைகளுக்குரிய அழுத்த வித்தியாசமென மயங்குதலுமே அவர் செய்யும் பிழைகளாம். இவை பார்லோ முதலிய பேரறிஞரே விட்ட பிழைகள். ஆதலின் அவற்றிற்காக நாணவேண்டியதில்லை. ஆயின் எது மாறாதிருக்கின்றது, எது மாறுகின்றது, முழுச்சுற்று யாது என்னும் மூன்று வினாக்களையும் கணக்கைத் தொடங்குமுன் எழுப்புதல் வேண்டும். கொலோன் நகரத்துப் பாடசாலை ஆசிரியர் கொதிநீரையும் பனிக்கட்டியையும் வைத்துக்கொண்டு எழுப்பிய வினாக்களும் அவையே.