பெட்டிக்குள் பிணம், பக்கத்தில் பெட்டி விளம்பரம்

2003-ம் வருஷம். நியூயார்க் போஸ்ட் பத்திரிகையின் இணையதளத்தில் ஒரு கொலைச் செய்தி. கொல்லப்பட்டவரின் உடலைத் துண்டுகளாக வெட்டி சூட்கேஸில் அடைத்திருந்தார்கள். அந்தச் செய்திக்குப் பக்கத்திலேயே கூகுள் வழியாக ஒரு விளம்பரம் வந்து நின்றது. சூட்கேஸ் விற்பனைக்கு!

யாரும் குசும்புக்குச் செய்ததில்லை. அந்தப் பக்கத்தைப் படித்தது ஒரு நிரல். சூட்கேஸ் என்ற சொல் அதன் கண்ணில் பட்டது, சூட்கேஸ் விளம்பரத்தை எடுத்துக் கொடுத்தது. அதன் கணக்கில் பொருத்தம் பிரமாதம். இந்த 'பொருத்தம்' எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றைய கட்டுரை. (கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள், தெரிந்த இடம் வந்தால் தாண்டிப் போங்க.)

இணையத்தின் முதல் பேனர் விளம்பரங்கள் 1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் தளத்தில் வந்தன. ஏடி அண்ட் டி கம்பெனியின் பேனர் அதில் ரொம்பப் பிரபலம். அங்கே பொருத்தம் என்ற பேச்சே இல்லை. ரோட்டோரப் பலகை மாதிரி, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் ஒரே விளம்பரம்தான். 1998-ல் பில் கிராஸ் ஆரம்பித்த கோடு.காம், தேடுகிற சொல்லையே ஏலம் விட்டது. 2000 அக்டோபரில் கூகுளின் ஆட்வேர்ட்ஸ் வந்தது. தேடலில் ஒரு வசதி உண்டு: எனக்கு இதுதான் வேண்டும் என்று வந்தவரே தட்டச்சு செய்துவிடுகிறார். ஆனால் ஒரு கட்டுரையைப் படிக்கிறவர் எதையும் கேட்பதில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்பதைக் கட்டுரையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இந்த ஊகத்துக்கான அஸ்திவாரம் விளம்பரக்காரர்கள் போட்டதல்ல. 1972-ல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் ஒரு எளிய யோசனை சொன்னார். எல்லா ஆவணங்களிலும் வருகிற சொல்லுக்கு மதிப்பு குறைவு, சில ஆவணங்களில் மட்டும் வருகிற சொல்லுக்கு மதிப்பு அதிகம். 'ஒரு', 'என்று' எல்லாம் எங்கும் இருக்கும். 'யார்க்கர்' என்று நாலு இடத்தில் வந்தால் அது கிரிக்கெட் கட்டுரை. அவர் நினைத்தது நூலகத் தேடலை. அது கடைசியில் யாருக்கெல்லாம் பிழைப்பு கொடுத்தது பாருங்கள்.

எண்ணினால் மட்டும் போதாது. ஜாவா என்றால் தீவா, காபியா, கம்ப்யூட்டர் மொழியா? இந்தப் பொருள் குழப்பத்தைத் தீர்க்க முயன்ற அப்ளைட் செமான்டிக்ஸ் நிறுவனத்தை 2003 ஏப்ரலில் கூகுள் வாங்கியது. விலை சுமார் 10 கோடி டாலர். ஆட்சென்ஸ் என்ற பெயரே அவர்களுடையதுதான். அந்த ஜூனில் சின்னத் தளங்களுக்கும் ஆட்சென்ஸ் திறந்துவிடப்பட்டது.

அதோடு தளம் நடத்துகிறவர்கள் இயந்திரத்துக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார்கள். பக்கத்தைப் படிக்க கூகுள் ஒரு தனி நிரலை அனுப்பும். அதன் வழியை மறித்தாலோ, பக்கம் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருந்தாலோ அதற்குப் பக்கம் தெரியாது. சம்பந்தமில்லாத விளம்பரம் வரும், அல்லது காசு தராத பொதுச்சேவை விளம்பரம் வரும். மெனுவிலும் ஓரப் பட்டையிலும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கட்டுரையின் சொற்களை அமுக்கிவிடும். அதனால் 'இங்கிருந்து இதுவரை படி, மீதியை விட்டுவிடு' என்று நிரலுக்கு மட்டும் தெரிகிற மாதிரி எழுதும் குறிப்பு வரிகளை கூகுளே கொடுத்தது. ஒரு பக்கத்தில் ஒரே விஷயம், தலைப்பில் அந்த விஷயத்தின் பெயர் என்பதெல்லாம் எழுதப்படாத விதிகள் ஆயின. இதுவரைக்கும் நியாயம்தான். வாசகருக்கும் அதனால் நல்லதே.

நியாயம் கெட்ட இடம் அடுத்தது. எந்தச் சொல்லுக்குக் காசு அதிகம் என்று பார்த்து அந்தச் சொல்லுக்காகவே பக்கம் கட்ட ஆரம்பித்தார்கள். மீசோதீலியோமா என்பது ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் புற்றுநோய். நஷ்டஈடு வழக்குகளைப் பிடிக்க அமெரிக்க வக்கீல்கள் அந்தச் சொல்லுக்குப் போட்டி போட்டுப் பணம் கொட்டினார்கள். உடனே அந்த நோயைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். நோயாளியின் மகனோ மகளோ பயத்தோடு தேடி வந்தால் கிடைப்பது இந்தக் குப்பை. கட்டுரைக்கு விளம்பரம் பொருந்துவது போய், விளம்பரத்துக்குக் கட்டுரை பொருந்த ஆரம்பித்தது. 2011 பிப்ரவரியில் 'பாண்டா' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து இப்படிப்பட்ட தளங்களைத் தேடலில் கீழே தள்ளியதும் அதே கூகுள்தான். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டின கதை.

அதற்குள் 2009 மார்ச்சில் கூகுள் வேறு ஒரு வழியையும் பிடித்திருந்தது: பக்கத்தைப் படிப்பதற்குப் பதில் படிக்கிறவரின் பழக்கத்தைப் பின்தொடர்வது. ஒரு தடவை பார்த்த செருப்பு ஒரு மாதம் நம் பின்னாலேயே வருகிறதே, அந்த வழி. 2018-ல் ஐரோப்பாவில் தனியுரிமைச் சட்டம் வந்தபோது நியூயார்க் டைம்ஸ் அங்கே இப்படிப் பின்தொடரும் ஏல விளம்பரங்களை நிறுத்திவிட்டு, பக்கத்தையும் இடத்தையும் பார்த்துப் போடும் பழைய முறைக்கே திரும்பியது. வருமானம் விழவில்லை என்று 2019-ல் செய்தி வந்தது. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இது.

நம் மொழிக்கு வருவோம். சொற்களை எண்ணும் இயந்திரத்துக்குத் தமிழ் லேசுப்பட்டதில்லை. மதுரையில், மதுரைக்கு, மதுரையிலிருந்து: வேற்றுமை உருபைப் பிரிக்கத் தெரியாவிட்டால் இவை மூன்றும் அதற்கு மூன்று ஊர். ஆறு என்றால் வைகையா, ஐந்துக்கு அடுத்ததா? ஆட்சென்ஸ் ஆதரிக்காத மொழியில் எழுதும் பக்கங்களில் விளம்பரம் போடுவதே விதிமீறல். சிலர் ஆங்கிலத்தில் நாலு பத்தி சேர்த்துப் பார்த்தார்கள். இந்திக்கு 2014 டிசம்பரில் கதவு திறந்தது, தமிழுக்கு 2018 பிப்ரவரியில். அதற்குள் வலைப்பூ எழுதிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் ஃபேஸ்புக்குக்குக் குடிபோயிருந்தார்கள்.