இரட்டை ஐ-பீம் முன் சஸ்பென்ஷன்

இரட்டை ஐ-பீம் என்பது ஃபோர்டு நிறுவனம் தன் பிக்கப் டிரக்குகளின் முன் சக்கரங்களுக்காக 1965 மாடல் ஆண்டில் அறிமுகப்படுத்திய சஸ்பென்ஷன் அமைப்பு ஆகும். உறுதிக்குப் பெயர்பெற்ற இவ்வமைப்பு, டயரைத் தின்பதற்கும் அதே அளவு பெயர்பெற்றது. டயர் எந்த விளிம்பில் தேய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டே வண்டியின் கோளாறைக் கண்டறியும் வழக்கம் அமெரிக்கப் பட்டறைகளில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னணி

ஃபோர்டு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட சரக்குப் பெட்டியுடன் டி-மாடல் பிக்கப்பை 1925இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் முன் அச்சு ஒரே துண்டு; அதன்மேல் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். 1948இல் வந்த முதல் எஃப் வரிசை வண்டிகளில் இரு பக்கமும் நீளவாக்கில் பட்டைகள் அமைந்தன. அச்சு மட்டும் ஒரே துண்டாகவே இருந்தது. இதனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாய்ந்தது. பண்ணைச் சுமை ஏற்றுபவர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் பிக்கப்பைக் குடும்ப வண்டியாகவும் ஓட்டத் தொடங்கியவர்களுக்கு அந்த உதறல் பெருந்தொல்லை. 1960இல் செவ்ரலே தன் பிக்கப்புகளில் முறுக்குக் கம்பியுடன் கூடிய தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷனைப் பொருத்தியபோது ஃபோர்டு பின்தங்கியது.

அமைப்பு

ஃபோர்டின் விடை எளிமையானது. காரில் உள்ளதுபோல் மேலும் கீழுமாக இரு கைகளை வைக்காமல், பழைய அச்சின் இடத்தில் ஐ வடிவக் குறுக்குவெட்டுள்ள இரண்டு எஃகு உத்தரங்களை வைத்தனர். இடச் சக்கரத்தின் உத்தரம் சட்டத்தின் வலப் பக்கத்திலும், வலச் சக்கரத்தின் உத்தரம் இடப் பக்கத்திலும் ரப்பர் புஷ்ஷில் கீல்போலத் திரும்பும். உத்தரம் நீளமாக இருப்பதால் சக்கரம் ஏறி இறங்கும்போது ஏற்படும் சாய்வு குறையும் என்பதே கணக்கு. சுமையைச் சுருள் ஸ்பிரிங் தாங்கியது. உத்தரம் முன்பின் நகராதபடி ரேடியஸ் ஆர்ம் என்னும் நீண்ட கை பின்னோக்கிச் சென்று சட்டத்தில் பிணைந்தது.

சாய்வு குறைந்ததே தவிர நீங்கவில்லை. வண்டியின் முன்பக்கம் தாழ்ந்தால் சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும். டயரின் உள் விளிம்பு தேயும். முன்பக்கம் உயர்ந்தால் இதற்கு நேர்மாறு. ஜாக்கியில் தூக்கிய ஃபோர்டு பிக்கப்பின் முன் சக்கரங்கள் அடிப்பக்கம் உள்வாங்கி, வளைந்த கால்களைப்போல் தோன்றுவது இதனால்தான்.

கோளாறும் பழுதும்

கேம்பர் எனப்படும் இந்தச் சாய்வைத் திருத்த, கிங் பின் பொருத்திய தொடக்க கால வண்டிகளில் திருகோ தகடோ இல்லை. அலைன்மென்ட் கடைகள் சங்கிலியும் ஹைட்ராலிக் ஜாக்கியும் கொண்டு உத்தரத்தையே வளைத்தன. சூடாக்கினால் எஃகின் வலிமை கெடும் என்பதால் குளிர்நிலையில்தான் வளைக்க வேண்டும். ஃபோர்டின் கையேடுகள் கேம்பர் அளவை ஒரே எண்ணாகத் தராமல், வண்டியின் உயரத்தோடு இணைத்தே தந்தன.

பட்டறைகள் அதிகம் தவறியது இந்த உயரத்தில்தான். உள் விளிம்பு தேய்ந்த டயருடன் வரும் பழைய வண்டியில் பெரும்பாலும் தளர்ந்திருப்பது ஸ்பிரிங். அதைப் பார்க்காமல் உத்தரத்தை வளைத்தால் அளவு அன்றைக்குச் சரியாகும். ஸ்பிரிங் மேலும் தாழ, அடுத்த டயரும் அதே விளிம்பில் தேயும். பின்னர் யாரேனும் புதிய ஸ்பிரிங் போட்டால் முன்பக்கம் உயர்ந்து, வளைத்த உத்தரம் எதிர்ப்பக்கக் கோளாறைக் காட்டும். உரிமையாளர் இரண்டு முறை வேலைக்கும் இரண்டு முறை டயருக்கும் பணம் கொடுத்திருப்பார். முதலில் உயரம், பிறகு புஷ், கடைசியில் அலைன்மென்ட் என்பதே சரியான வரிசை. ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளப்பதும் பிழையே. வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டினால்தான் சக்கரங்கள் தம் இயல்பான நிலைக்கு வரும்.

பிரேக் பிடிக்கும்போது 'டக்' என்ற ஒலியும் வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் ரேடியஸ் ஆர்மின் பின்முனைப் புஷ் நைந்ததன் அறிகுறி. ரப்பர் விலை சொற்பம், உழைப்புதான் அதிகம்: ஸ்பிரிங்கைக் கழற்றி, உத்தரத்தை முன்னுக்குத் தள்ளி, கையைத் தாங்கியிலிருந்து உருவ வேண்டும்.

தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்வது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். ஆட்டம் நின்றால் குறை சக்கர பேரிங்கில்; நிற்காவிட்டால் கிங் பின்னில். கிரீஸ் காணாத கிங் பின்கள் விரைவில் தேய்ந்தன.

பிற்காலம்

1980 மாடலில் இதே கருத்து நான்கு சக்கர இயக்க எஃப்-150, பிராங்கோ வண்டிகளுக்கும் விரிந்தது. ஒரு உத்தரத்துக்குள்ளேயே டிஃபரன்ஷியல் அமைந்தது. 1980களில் கிங் பின்னின் இடத்தைப் பந்து மூட்டு பிடித்தது. அதனுடன், திருப்பி வைத்தால் கேம்பரை மாற்றும் மையம் விலகிய புஷ்ஷும் வந்ததால் உத்தரத்தை வளைக்கும் தேவை வெகுவாகக் குறைந்தது. தொழிற்சாலை இதைத் தொடக்கத்திலேயே தந்திருக்கலாம்.

1997 மாடல் எஃப்-150 இரட்டை ஐ-பீமைக் கைவிட்டு, நீளம் வேறுபட்ட இரு கைகள் கொண்ட அமைப்புக்கு மாறியது. அடுத்த ஆண்டு சிறிய ரேஞ்சரும் மாறியது. கனரக எஃப் வரிசையின் இருசக்கர இயக்க வண்டிகளிலும் ஈ வரிசை வேன்களிலும் அது நீடித்தது. பாஹா கலிபோர்னியா பாலைவனப் பந்தயக்காரர்களும் அதை விடவில்லை. உத்தரங்களை இன்னும் நீளமாக்கி, சக்கரம் ஏறி இறங்கும் தூரத்தைப் பெருக்கிக்கொண்டனர்.