ஊர் அடங்கும், உறவு அடங்குமா?

விழுப்புரத்தை விட்டுச் செஞ்சி நோக்கிச் செல்லும் வழியில், நெடுஞ்சாலையிலிருந்து சற்றே விலகி, மண்டகப்பட்டு எனும் சிற்றூர் இருக்கிறது. ஆங்கொரு பாறை. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் அதனைக் குடைந்து மூன்று அறைகள் கொண்ட கோயிலொன்றைச் சமைத்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. இவை ஏதுமின்றிப் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் எடுப்பித்த கோயில் இது என்று கல்வெட்டும் பொறித்தான். (தமிழ்நாட்டுப் பாறையில் வடமொழிக் கல்வெட்டு! அது வேறு வழக்கு. இன்று நாம் அதில் இறங்கப் போவதில்லை.) இன்றியமையாதவை என்று எல்லோரும் எண்ணியிருந்த நான்கு பொருள்களை நீக்கிவிட்டு, ஒரு கட்டடம் நிற்கும் என்று காட்டினான் அம்மன்னன். உறவை நீக்கிவிட்டால் ஓர் ஊர் நிற்குமா? அந்தச் சோதனையில் பல்லவன் இறங்கவில்லை. நம் காலத்து அரசுகள் இறங்கின. 2020 மார்ச்சு 17இல் நாடெங்கும் தொல்லியல் சின்னங்களின் கதவுகள் சாத்தப்பட்டன. செஞ்சிக் கோட்டையும் ஆளரவமின்றிக் கிடந்தது. மார்ச்சு 24 மாலை 6 மணி முதல் தமிழகத்தில் 144 தடை. மறுநாள் முதல் நாடு முழுமைக்கும் ஊரடங்கு.

வீட்டை விட்டு வெளியேறாதே, உற்றாரைப் பார்க்கப் போகாதே, நண்பன் வந்தால் கதவைத் திறவாதே என்று ஓர் அரசு ஆணையிட்டால் மக்கள் கேட்பார்களா? அந்நாளில் அறிஞர் அவைகளில் எழுந்த கேள்வி இது. நாம் இக்கேள்வியைச் செஞ்சிச் சீமைச் சிற்றூர்களின் திண்ணையில் வைத்துப் பார்க்கிறோம். ஏனெனில், இங்கே உறவு என்பது ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு அன்று. வளைகாப்புக்கு அத்தை வரவேண்டும்; காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும்; சாவு என்றால் பங்காளி வரும்வரை பாடை எழாது. கடன் கேட்பதும் உறவிடம். கதிர் அறுக்க ஆள் தேடுவதும் உறவுக்குள். அரிசியும் மருந்தும் போல அதுவும் ஓர் இன்றியமையாப் பண்டம். ஆணை எழுதியவர்களின் பட்டியலில் பாலும் காய்கறியும் இருந்தன. அண்ணனும் தங்கையும் இல்லை.

செஞ்சியை மொகலாயப் படை ஏறத்தாழ எட்டாண்டுக் காலம் வளைத்துக் கிடந்தது. 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. அத்தனை காலம் அத்தனை பெரிய படை சூழ்ந்திருந்தும், கோட்டை வீழுமுன்னரே மராட்டிய மன்னர் இராசாராம் தப்பி வெளியேறிவிட்டார். வேலும் வாளும் ஏந்திய வளையத்திலேயே வழி கண்டது மனிதக் கால். தாளில் எழுதிய வளையம் எம்மட்டு?

இருந்தும், மக்கள் அடங்காப் பிடாரிகள் என்று முடிவு கட்டிவிடுவது பெரும் பிழை. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. எவ்வகை ஆணையை ஏற்றார்கள், எவ்வகை ஆணையை எதிர்த்தார்கள் என்று அது பிரித்துச் சொல்கிறது.

1896இல் பம்பாயில் பிளேக் புகுந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் வெள்ளை அரசு தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சில பத்திகளே கொண்ட சின்னஞ்சிறு சட்டம். ஆயினும் ஆளுவோருக்கு அது அளித்த அதிகாரமோ அளப்பரியது. அதனைக் கையிலேந்திப் புனா நகரில் ராண்டு எனும் அதிகாரி நடத்திய ஆட்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டாளத்தார் வீடு வீடாகப் புகுந்தனர். அடுக்களை வரையிலும், பெண்டிர் இருக்கும் உள்ளறை வரையிலும் சோதனை. நோயாளி என்று ஐயம் கொண்டால் மருத்துவமனை, உடனிருந்தோர்க்குத் தனிமை முகாம், உடைமைகளுக்குத் தீ. தாயைக் கொண்டு சென்றவர்கள் எங்கே கொண்டு சென்றார்கள், உயிரோடு இருக்கிறாளா என்பதை மகன் அறிய வழியில்லை. விளைவு என்ன? நோயை மறைத்தார்கள். நோயாளியைப் பரணிலும் பக்கத்து வீட்டிலும் ஒளித்தார்கள். ஊரை விட்டே ஓடினார்கள். ஓடிய இடமெல்லாம் நோயும் உடன் ஓடிற்று. 1897 ஜூன் 22 இரவு ராண்டு சுடப்பட்டான். 1898 மார்ச்சில் பம்பாயில் ஒரு பெண்ணை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வந்தபோது நெசவாளர்கள் திரண்டெழுந்து கலகம் மூண்டது. மதவெறி, அறியாமை என்று அதற்குப் பெயரிட்டனர் அன்றைய அதிகாரிகள். அறியாமை இருந்தது, மறுக்கவில்லை நாம். சாதிக்காரன் தொட்ட தண்ணீரே தீட்டு என்று மருத்துவமனையை வெறுத்தவர்களும் அக்கூட்டத்தில் உண்டு. அவர்களுக்காக வாதாட நாம் வரவில்லை. ஆனால், பிடித்துச் சென்ற பிள்ளையின் முகத்தைக் காட்டு என்று கேட்ட தாயையும் அந்த மூட்டையிலேயே கட்டுவது முறையோ?

அதே புனாவில், அதே ஆண்டில், வேறொரு காட்சி. சாவித்திரிபாய் பூலே, மருத்துவரான தம் வளர்ப்பு மகன் யஷ்வந்துடன் ஊருக்கு வெளியே சிகிச்சை நிலையம் அமைத்து நோயாளிகளைப் பேணினார். நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்து வந்தார். நோய் அவரையும் பற்றியது. 1897 மார்ச்சு 10இல் மறைந்தார். ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைப்பது என்னும் செயல் இரண்டிடத்திலும் ஒன்றுதான். ஓரிடத்தில் துப்பாக்கி கொண்டு சென்றது; மற்றோரிடத்தில் ஒரு பெண்மணியின் தோள் கொண்டு சென்றது.

சென்னை மாகாணம் சற்று நிதானமாக நடந்துகொண்டது. நோயுள்ள ஊரிலிருந்து வருவோர்க்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' என்று ஒரு சீட்டு. சென்று சேர்ந்த ஊரில் குறித்த நாள்வரை நாள்தோறும் அதிகாரி முன் தோன்றித் தாம் நலமே என்று காட்டவேண்டும். தொல்லைதான். எனினும், உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டே செய்யக்கூடிய தொல்லை! அடைத்து வைப்பதற்கும் கண்காணிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் புறப்பட்ட ஏழைத் தமிழனுக்கோ அந்தச் சலுகையும் இல்லை. மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைபட்டுக் கிடந்த பிறகே அவனுக்குக் கப்பல். புனாவும் பம்பாயும் கற்பித்த பாடத்தின் பின்னர் வெள்ளை அரசும் படிப்படியே இறங்கி வந்தது, வலுக்கட்டாயத்தைத் தளர்த்திற்று, ஊர்ப் பெரியவர்களையும் நாட்டு வைத்தியர்களையும் துணைக்கு அழைத்தது.

அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டந்தான், 123 ஆண்டுகள் கழித்து, 2020 மார்ச்சில் மீண்டும் உறையிலிருந்து உருவப்பட்டது. ஆண்டவன் போய்விட்டான்; ஆயுதம் அப்படியே இருந்தது.

முதற் சில வாரங்கள் தமிழகம் அடங்கியது. வியக்கத்தக்க அளவு அடங்கியது. அச்சமும் காரணம், அக்கறையும் காரணம். பல சிற்றூர்களில் இளைஞர்கள் தாங்களே ஊர் எல்லையில் முள்வேலி போட்டு, வெளியூரார் வரவேண்டாம் என்று எழுதி வைத்தனர். மக்கள் கேட்கமாட்டார்கள் என்றவர்களின் வாக்கு பொய்த்தது. எங்கே முறிந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் கட்டளையிட்டவரின் கைப்பிழையிலேயே முறிந்தது. ஏப்ரல் 26 முதல் சென்னை உள்ளிட்ட மாநகரங்களில் நான்கு நாள்கள் முழு அடைப்பு என்று திடுமென அறிவித்தார்கள். முந்தைய நாள் கோயம்பேட்டில் மக்கள் வெள்ளம். தொற்று அங்கே பெருகிற்று. மே 5இல் சந்தை மூடப்பட்டது. மூட்டை தூக்கிய தொழிலாளி எங்கே போவான்? கூலி நின்றது, தங்க இடமும் இல்லை. கிடைத்த வண்டியேறி விழுப்புரத்திற்கும் கடலூருக்கும் அரியலூருக்கும் தன் வீடு தேடிப் போனான். நோய்க் கணக்கு அம்மாவட்டங்களில் ஏறியது. ஏடுகள் அவனைக் 'கோயம்பேடு தொற்று' என்று அழைத்தன. ஊரடங்கை மீறி உறவைப் பார்க்கப் போனவனா அவன்? வீட்டிலிரு என்ற ஆணையை, தன் வீடு எதுவோ அங்கே போய் நிறைவேற்றியவன் என்றும் சொல்லலாம் அல்லவா!

மறு ஆண்டும் அதே கதை: 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்று அறிவித்து, அதற்கு முன் இரண்டு நாள்கள் கடைகளைத் திறந்துவிட்டுப் பேருந்துகளும் ஓட்டினர். ஊருக்குப் போகவேண்டியவர் போகட்டும் என்ற எண்ணம் நல்லெண்ணமே. நெரிசல் என்னவோ நெரிசல்தான்.

மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ். நெருங்கிய உறவினர் திருமணம், மரணம், அவசர மருத்துவம் என்று காரணங்கள் குறிக்கப்பட்டன. அண்ணன் மகள் நெருங்கிய உறவா, பெரியம்மா மகன் நெருங்கிய உறவா என்று கணினி முடிவு செய்தது. தமிழில் உள்ள அத்தனை உறவுப் பெயர்களையும் அந்தப் படிவம் அறியுமோ? தரகர்கள் அறிந்திருந்தார்கள்; பணம் வாங்கிக்கொண்டு பாஸ் பெற்றுத் தந்தவர்கள் கைதான செய்தியும் அந்த ஆண்டிலேயே வந்தது. சாவுக்கு 20 பேர் என்றது விதி. கொரோனாவில் இறந்தவருக்கோ அதுவும் இல்லை. கட்டிப்போட்ட பொதியில் முகம் மறைந்து போயிற்று. தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும் என்பார்களே நம்மவர், அந்த நால்வராகத் தமுமுக போன்ற அமைப்புகளின் தொண்டர்கள், இறந்தவர் எந்தச் சமயத்தவர் என்று கேளாமல், கவச உடையில் வந்து நின்றனர். இதையும் மக்கள் பொறுத்தனர். வாய்க்கரிசி போடாமல், முகம் பாராமல், பொறுத்தனர்.

கூடாதே என்ற நாளில் கூடியவர்களும் உண்டு. 2020 ஏப்ரலில் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் உயிர் நீத்தபோது, அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்தது ஒரு கூட்டம். நோய் பிடிக்கும் என்ற பயமாம்! பயந்தவன் ஒதுங்குவான், கூட்டம் சேர்ந்து கல்லெறிவானோ? மறுபுறம், கடையைக் குறித்த நேரத்திற்குமேல் திறந்திருந்ததாகச் சொல்லிச் சாத்தான்குளத்தில் ஜூன் 19இல் பிடித்துச் செல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும், காவலர் தாக்குதலுக்கு ஆளாகி, நான்கு நாள்களுக்குள் அடுத்தடுத்து இறந்தனர். நோய் தடுக்கப் போட்ட விதியின் பேரால் போன உயிர்கள் அவை.

சீமையிலோ, கட்டுப்பாட்டை முன்கூட்டியே விதித்தால் மக்கள் சலித்துவிடுவர் என்று 2020 மார்ச்சில் ஆலோசகர்கள் அரசுக்கு ஓதினர். இதற்குச் சான்று எங்கே என்று 600க்கும் மேற்பட்ட நடத்தையியல் அறிஞர்கள் மடல் எழுதிக் கேட்டனர். மார்ச்சு 23இல் ஆணை வந்ததும் பெரும்பாலோர் அடங்கினர். சலித்தது யார்? 2021 ஏப்ரல் 17இல், 30 பேருக்குமேல் கூடலாகாது என்ற விதிக்கிணங்க, எலிசபெத் அரசியார் கணவரின் இறுதிச் சடங்கில் தன்னந்தனியே அமர்ந்திருந்தார். அதற்கு முந்தைய இரவு பிரதமர் அலுவலகத்தில் ஊழியர்கள் விருந்து நடத்தியது பின்னர் வெளியாயிற்று. 2020 ஜூன் மாதத்துப் பிறந்தநாள் கூட்டமொன்றுக்காகப் பிரதமர் ஜான்சனே 2022இல் அபராதம் கட்டினார். முடியாட்சியை நாம் போற்றுவதில்லை. அந்தத் தனி நாற்காலியை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

இனி நம் மாவட்டத்திற்கே திரும்புவோம். 'சமூக இடைவெளி' என்று ஒரு சொல்லை அன்று நாடெங்கும் சுவரில் எழுதினார்கள். அச்சொல்லைக் கண்டதும் நாம் துணுக்குற்றோம். உடல்கள் விலகி நிற்க வேண்டியது மருத்துவம். சமூகங்கள் விலகி நிற்பது என்ன மருத்துவம்? அந்த இடைவெளிதான் ஊருக்கும் சேரிக்கும் இடையே நோயில்லாத காலத்திலும் இருக்கிறதே! அதைக் கடைப்பிடிக்க எந்தச் சட்டமும் தேவைப்பட்டதில்லை.

விழுப்புரம் மாவட்டம், திருவெண்ணெய்நல்லூரை அடுத்த ஒட்டனந்தல். 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். ஆதிதிராவிட மக்கள் தங்கள் தெருவில் அம்மன் விழா எடுத்து, இசைக் கச்சேரியும் வைத்தனர். செய்திருக்கக் கூடாது, விதி இருந்தது, நோயும் இருந்தது. காவல்துறை வந்தது, விழா நின்றது. சட்டத்தின் வேலை அத்தோடு சரி. ஊரின் வேலையோ அதன் பிறகு தொடங்கிற்று. ஆதிக்கச் சாதியார் பஞ்சாயத்தைக் கூட்டினர். ஊரடங்கை மீறிக் கூடியதற்குத் தண்டனை அளிக்க, ஊரடங்கை மீறியே கூடினர்! முதியவர்கள் மூவரை முன்னே வரச்சொல்லிக் காலில் விழவைத்தனர். அக்காட்சி கைப்பேசி வழியே நாடெங்கும் பரவியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. முதியோர் கூட்டத்தின் நடுவே போகலாகாது, நோய் முதலில் தேடி வருவது அவர்களைத்தான் என்று அந்த மாதமெல்லாம் அரசு ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தது.