நகர எல்லையைத் தாண்டிய தீர்வு: கோட்ரோ வழக்கும் வட்டார வீட்டுவசதிக் கொள்கையும்

ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்புகள் சிகாகோவில் எங்கே எழ வேண்டும் என்பதை 1950, 60களில் தீர்மானித்தவர்கள் பொறியாளர்கள் அல்லர். சிகாகோ வீட்டுவசதிக் கழகம் ஒரு மனையைத் தேர்ந்ததும், அந்த வட்டத்தின் நகர்மன்ற உறுப்பினரிடம் முன்கூட்டியே சத்தமில்லாமல் கேட்டுக்கொள்ளும். அவர் வேண்டாம் என்றால் மனை பட்டியலிலிருந்து நீங்கிவிடும். மனைகளுக்கு நகர்மன்ற ஒப்புதல் கட்டாயம் என்று இல்லினாய்ஸ் மாநிலம் 1949இல் சட்டம் இயற்றியிருந்தது. அந்த ஒப்புதல் நடைமுறையில் தனிமனிதரின் தடை அதிகாரமாகியது. வெள்ளையர் பகுதிகளில் முன்மொழியப்பட்ட குடும்ப வீடுகளில் 99.5 விழுக்காடு இவ்வாறே கைவிடப்பட்டது பின்னர் நீதிமன்றத்தில் அம்பலமானது. கறுப்பினத்தவர் பகுதிகளில் தடுக்கப்பட்டது சுமார் 10 விழுக்காடுதான்.

கழகத்தின் முதல் கறுப்பினத் தலைவரான ராபர்ட் டெய்லர் இந்தப் போக்கை எதிர்த்து 1950இல் பதவி விலகினார். 1962இல், தெற்குச் சிகாகோவில் கறுப்பின ஏழைகளை மட்டுமே கொண்டு நிறைந்த 16 மாடிக் கட்டடங்கள் 28 வரிசைகட்டி நின்றபோது, அவற்றுக்குச் சூட்டப்பட்டது அவர் பெயர். அரசுகள் தம்மை எதிர்த்தவர்களுக்குச் செய்யும் மரியாதை பல நேரங்களில் இப்படித்தான் அமைகிறது.

1966 ஆகஸ்டில், மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவின் வெள்ளையர் பகுதியில் ஊர்வலம் போய்க் கல்லடி பட்ட அதே மாதத்தில், டாரதி கோட்ரோவும் வேறு சிலரும் கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். கோட்ரோ ஆல்ட்கெல்ட் கார்டன்ஸ் குடியிருப்பில் வசித்தவர், குடியிருப்போர் இயக்கத்தில் முன்நின்றவர். அவர்களுக்காக வாதாடிய அலெக்சாண்டர் பொலிகாஃப் இந்த வழக்கோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். கோட்ரோ 1968இல் இறந்துபோனார்; தீர்ப்பு வந்தது 1969இல். வெள்ளையர் குடியிருந்த நான்கு குடியிருப்புகளில் கறுப்பினக் குடும்பங்களுக்கு உச்சவரம்பு வைக்கப்பட்டிருந்ததையும், மனைத் தேர்வில் இனப் பாகுபாடு காட்டப்பட்டதையும் நீதிபதி ரிச்சர்ட் ஆஸ்டின் உறுதி செய்தார். இனிக் கட்டும் முதல் 700 வீடுகள் வெள்ளையர் பகுதிகளில் அமைய வேண்டும் என்பது அவர் ஆணை. கழகம் அதை மீறவில்லை. கட்டுவதையே ஏறக்குறைய நிறுத்திக்கொண்டது. கடைசியில், 1987இல், கட்டும் பொறுப்பைக் கழகத்திடமிருந்து பறித்து வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

இந்தத் தேக்கமே வழக்கை நகர எல்லைக்கு வெளியே தள்ளியது. நகருக்குள் மட்டும் தீர்வு தேடினால் வெள்ளையர் புறநகருக்குப் பெயர்ந்துவிடுவார்கள், பிரிவினை இடம் மாறித் தொடரும் என்பது பொலிகாஃபின் வாதம். ஆனால் 1974இல்தான் உச்ச நீதிமன்றம், டெட்ராய்ட் பள்ளிகள் வழக்கில், தவறு செய்யாத புறநகர்களைத் தீர்வுக்குள் இழுக்க முடியாது என்று சொல்லியிருந்தது. 1976இல் அதே நீதிமன்றம் கோட்ரோ வழக்கில் எதிர்ப்பே இன்றி வட்டாரத் தீர்வுக்கு இடம் கொடுத்தது எப்படி?

நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதிய தீர்ப்பைக் கவனித்துப் படித்தால் விடை கிடைக்கும். பாகுபாட்டுக்குத் துணைபோனது கூட்டாட்சி அரசின் வீட்டுவசதித் துறை. அதன் ஆளுகை சிகாகோ எல்லையோடு முடியவில்லை. ஆகவே தீர்வும் வீட்டுச் சந்தையின் பரப்பு முழுவதும் செல்லலாம். இது பாதிதான். 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்துறை தனியார் வீட்டு உரிமையாளர்களோடு நேரடியாக ஒப்பந்தம் செய்ய முடிந்ததால், எந்தப் புறநகரின் நிலப்பயன்பாட்டு விதிகளிலும் கைவைக்கத் தேவையில்லை என்பது மறுபாதி. வட்டாரம் கொள்கைக்குள் நுழைந்தது புறநகர்களுக்குக் கடமை எதையும் சுமத்தாமல்தான். குடும்பங்கள் பெயர்ந்து செல்லும் வெளியாக அது ஏற்கப்பட்டது. பொறுப்பேற்கும் ஆட்சிகளின் கூட்டாக அல்ல. பின்னால் வந்த குறைகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

தீர்ப்பை ஒட்டி எழுந்த, வாடகை மானியத்தோடு குடும்பங்களை இடம்பெயர்த்த கோட்ரோ திட்டத்தின் நடைமுறையிலும் அது தெரிந்தது. வாடகை மானியத்துக்குப் பதிவு ஆண்டுக்கு ஒரு நாள், தொலைபேசி வழியே. அன்று இணைப்புகள் திணறும். கிடைத்தவர்களிலும் பெரிய குடும்பங்களுக்கு ஏற்ற வீடுகள் அரிது. வாடகை, கடன் வரலாறு விசாரிக்கப்படும். வீட்டை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று நேரில் பார்க்கவும் வருவார்கள். ஓரிடத்தில் பல குடும்பங்கள் கூடிவிடாதபடி சிதறலாகவே அனுப்பினார்கள். எதிர்ப்பு எழாமல் இருந்ததற்கு அந்தக் கண்ணுக்குத் தெரியாமையும் ஒரு காரணம். 1998 வரை சுமார் 7,100 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. புறநகர் சென்ற பிள்ளைகள் நகருக்குள்ளேயே மாறியவர்களைவிடக் கல்லூரிக்குக் கூடுதலாகச் சென்றதை நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ரோசன்பாம் காட்டினார்: 54 விழுக்காடு, 21 விழுக்காடு. ஆய்வுக்குள்ளானவர்கள் சிலரே, வடிகட்டித் தேர்ந்த குடும்பங்கள் வேறு. ஆயினும் இந்த எண்கள் வாஷிங்டன்வரை எட்டின.

1994இல் ஐந்து நகரங்களில் தொடங்கிய அடுத்த பெருஞ்சோதனையில் அளவுகோலே மாறிவிட்டது. கோட்ரோ திட்டம் ஒரு பகுதியில் கறுப்பினத்தவர் எத்தனை பேர் என்று எண்ணியது. இது வறியவர் எத்தனை பேர் என்று எண்ணியது. வறுமை 10 விழுக்காட்டுக்குக் குறைவான பகுதி என்றால் போதும். இனப் பிரிவினைக்கு எதிராக வென்றெடுத்த கருவி வறுமைச் செறிவைக் கலைக்கும் கருவியானது; அதில் வழக்கின் மூலக் குற்றச்சாட்டு மறைந்துபோனது. பெரியவர்களின் வருமானம் உயரவில்லை என்ற முதற்கட்ட முடிவுகள் சோர்வு தந்தன. 13 வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் 31 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்ததை ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் 2015இல்தான் வெளிக்கொணர்ந்தனர்.

அதற்குள் ராபர்ட் டெய்லர் கட்டடங்களில் கடைசியானதும் 2007இல் இடிக்கப்பட்டிருந்தது. மானியத்தோடு வெளியேறியவர்களில் பலர் மீண்டும் ஏழைக் கறுப்பினப் பகுதிகளுக்கே போய்ச் சேர்ந்தனர். கோட்ரோ வழக்கில் சமரச உடன்பாடு 2019இல் ஏற்கப்பட்டது. அப்போதும் இல்லினாய்ஸின் புறநகர்கள் பலவற்றில், மானியக்காரருக்கு வீடில்லை என்று உரிமையாளர் சொல்வதைத் தடுக்கச் சட்டம் இல்லை. மாநிலம் முழுவதற்குமான தடை நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரி 1 அன்று.