ரகீம் ஆசிரியரின் குழுத் தேர்வு

தஞ்சோங் பகாரில், துறைமுகத் தொழிலாளர் வழிவந்த உறவினர் ஒருவர் இல்லத்தில் தங்கி இதனை எழுதுகின்றேன். எங்கள் தோட்டப் பள்ளி மாணவர்கள் வரும் சனிக்கிழமை இவ்வட்டாரச் சிறுவர்களோடு காற்பந்தாட இருக்கின்றனர். பதினொரு பெயர்களில் பத்தை எழுதிவிட்டேன். கோல் காவலன் யார் என்பதில்தான் தயக்கம். காய்ச்சலில் கிடந்து நன்கு தேறிவிட்டவன் ஒருவன். அவனுக்குப் பதிலாக இரண்டு ஆட்டங்களில் நின்று வெற்றி தேடித் தந்தவன் மற்றொருவன். இதே சிக்கல் 1962-இல் ஜக்கார்த்தாவில் வேறோர் ஆசிரியருக்கும் நேர்ந்தது.

அவர் சையத் அப்துல் ரகீம். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து, நகரக் காவற்படைக் குழுவைப் பயிற்றுவித்து, பின்னர் இந்தியக் குழுவின் பயிற்றுநரானவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவருடைய குழு யுகோஸ்லாவியாவிடம் 10–1 எனத் தோற்றது. ஆட்டக்காரர் சிலர் வெறுங்காலோடு ஆடிய காலம் அது. நான்கே ஆண்டுகளில், மெல்பர்னில் ஆஸ்திரேலியாவை 4–2 என வென்று நான்காம் இடம் பெற்றது. நால்வர் தற்காக்க, இருவர் நடுவில் நிற்க, நால்வர் தாக்கும் முறையை இந்தியாவில் வேரூன்றச் செய்தவரும் அவரே.

இனி ஜக்கார்த்தாவுக்கு வருவோம். ஆசிய விளையாட்டுகளின் முதல் ஆட்டத்தில் தென்கொரியா 2–0 என இந்தியாவை வென்றது. அடுத்துத் தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில், தற்காப்பின் தூணான ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட நேர்ந்தது. கட்டுப் போட்ட தலையோடு தற்காப்பில் நிற்பவர் உயரப் பந்துகளை ஓயாமல் முட்டியாக வேண்டும். அவரை நீக்கினாலோ குழு தளர்ந்துவிடும். ரகீம் அவரைத் தாக்குதல் வரிசைக்கு அனுப்பினார். அவரது இடத்தை அருண் கோஷ் காத்தார். அரையிறுதியில் தென்வியட்நாமை 3–2 என வென்றபோது ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

இறுதியாட்டத்தில் மீண்டும் தென்கொரியா. இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்திய அதிகாரி சோந்தி கண்டித்திருந்ததால், அரங்கத்துக் கூட்டமும் இந்தியாவுக்கு எதிராகவே ஆரவாரித்தது. அந்நிலையில், காய்ச்சலால் ஒதுங்கியிருந்த பீட்டர் தங்கராஜை, பிரத்யுத் பர்மனுக்குப் பதிலாகக் கோல் காக்க நிறுத்தினார் ரகீம். தங்கராஜ் தமிழ் வழியினர்; நெடிய உருவத்தினர். பி. கே. பானர்ஜியும் ஜர்னைலும் முதல் இருபது நிமிடங்களிலேயே கோல் போட, இந்தியா 2–1 என வென்றது.

இவ்வரலாற்றைச் சொல்வோர் ஜர்னைலைப் புகழ்வர்; நம்மவர் தங்கராஜைப் புகழ்வர். என் மனமோ பர்மனையே நாடுகிறது. அரையிறுதியை வென்ற குழுவின் காவலர் அவர். அவரை உட்காரவைத்து மற்றவரை நிறுத்துவது, ஆட்ட நுணுக்கத்தினும் கடினமான பகுதி என்றே கருதுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், மாணவன் ஒருவனிடம் முன்கூட்டிச் சொல்லாமலேயே அவன் பெயரில்லாத பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அவன் பிறகு திடலுக்கே வரவில்லை. பிழை என்னுடையது.

ஜக்கார்த்தாவுக்குச் செல்லும்போதே ரகீம் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். 1963 சூனில் மறைந்தார். ஆசிய விளையாட்டுகளில் இந்தியக் காற்பந்துக் குழு அதன்பின் தங்கம் வென்றதில்லை.

காய்ச்சலிலிருந்து தேறியவன் பெயரையே பதினொன்றாவதாக எழுதியிருக்கின்றேன். பட்டியலை இன்னும் எவரிடமும் காட்டவில்லை. நாளைக் காலை மற்றவனைத் தனியே அழைத்துப் பேசிய பின்னரே காட்டுவேன்.