புதுச்சேரித் திருச்சபையின் நடுச்சுவர்

நீதிக்காக ஓயாமல் முறையிடுதல் விசுவாசத்துக்கு அயலானது என்று எண்ணுவோர் திருச்சபையில் எக்காலத்திலும் இருந்திருக்கின்றனர். பொறுமையே கிறிஸ்தவனுக்கு அழகு, முறையீடு உலகத்தாருடையது என்பது அவர்களுடைய எண்ணம். ஆனால் லூக்கா 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஜெபத்துக்கு உவமையாகக் காட்டியது, அநீதியுள்ள நியாயாதிபதியின் வாசலைவிட்டு அகல மறுத்த ஒரு விதவையையே. இவ்வுவமையின் பொருளை நம் மண்ணிலேயே விளக்கும் ஒரு நிகழ்ச்சியைப் புதுச்சேரி வரலாற்றிலிருந்து நினைவுகூர விரும்புகிறோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரி பிரெஞ்சுக் கம்பெனியின் தலைநகர். அங்கே சம்பா கோவில் என மக்கள் வழங்கிய ஆலயத்தை இயேசு சபைக் குருமார் நடத்தி வந்தனர். சாதி வழக்கங்களைத் திருச்சபைக்குள் எம்மட்டும் அனுமதிக்கலாம் என்பது அன்றைய பெரும் வழக்கு. போப்பரசரின் தூதுவராக இந்நகருக்கு வந்த துர்னோன் 1704இல் ஓர் ஆணை பிறப்பித்தார். பறையர் எனப்பட்ட கிறிஸ்தவர்கள் நோயுற்றால், குருமார் அவர்கள் வீடுகளுக்கே சென்று திருவருட்சாதனங்களை வழங்கவேண்டும் என்பது அதன் கூறுகளில் ஒன்று. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இவ்வழக்கில் ரோமாபுரியின் இறுதித் தீர்ப்பை வெளியிட்டார். ஆணைகள் பிறந்தன, ஆனால் சம்பா கோவிலினுள் பறையரையும் மற்றையோரையும் பிரித்த சுவர் அசையவில்லை.

அச்சுவர் அசைந்த கதையை நமக்குச் சொல்பவர் கிறிஸ்தவர் அல்லர். வைணவராகிய ஆனந்தரங்கப் பிள்ளையே தம் நாட்குறிப்பில் 1745 அக்டோபர் மாதத்து நிகழ்ச்சியாக இதனை எழுதி வைத்தார். பல சேரிகளிலிருந்தும் கிறிஸ்தவர்கள் திரண்டு வந்து மூத்த குருவின் முன் நின்றனர். நாங்களும் ஆண்டவரின் சீடர்களானால், அவர் காட்டாத வேற்றுமையை நீங்கள் காட்டுவது ஏன் என்பது அவர்கள் கேட்டதன் கருத்து. சலுகை வேண்டுமென்று அவர்கள் இரக்கவில்லை. குருமார் போதித்த விசுவாசத்தையே அளவுகோலாக எடுத்து, குருமாரின் ஆலயத்தை அளந்து காட்டினர். குரு அதிலிருந்த நியாயத்தை உணர்ந்தார்; சுவரை இடிக்கச் செய்தார்.

உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தனர். குருவோடு கடுமையாக வாதிட்டனர். பூசல் கவர்னர் துய்ப்ளே வரையும் சென்றது. அந்த ஆலயக் கட்டடமோ 1761இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்தபோது அழிந்துபோயிற்று. இன்று மிஷன் வீதியில் நிற்கும் பேராலயம் 1791இல் நிறைவு பெற்றது. கல்லால் ஆன சுவர் வீழ்ந்ததைப்போல மனத்தில் எழுந்த சுவர் வீழ்ந்துவிடவில்லை. தமிழகத்து ஆலயங்களில் தனியிடம், தனிவாசல் ஆகிய வழக்கங்கள் நெடுங்காலம் நீடித்தன. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் அத்தகைய சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது, பழைய உரிமையை நிலைநாட்ட வழக்கு மன்றம் ஏறியோரும் கிறிஸ்தவர்களே.

இதனை ரோமச் சபையின் குறையாக மட்டும் நாம் பேசி அமைதல் தகாது. தரங்கம்பாடி மிஷனின் வழிவந்த சபைகளிலும் தனித்தனி இருக்கைகள் இருந்தன. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை உடனே அகற்றும்படி சுற்றறிக்கை விடுத்தபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையைவிட்டே விலகினர். சீர்திருத்தம் பெற்ற சபை என்னும் பெயர் மட்டும் நம்மைக் காப்பதில்லை.

வழக்கு ஆலயத்தோடும் நிற்கவில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவரின் ஆணை, பட்டியல் சாதியினர்க்குரிய உரிமைகளை இந்துக்களுக்கே வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒரு கிறிஸ்தவர் தொடுத்த வழக்கை 1985இல் உச்சநீதிமன்றம் தள்ளியது. அதனால் முறையீடு ஓயவில்லை. 2004இல் மீண்டும் மனுக்கள் அதே மன்றத்தை அடைந்தன. ஆலயத்துக்குள் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர், ஆலயத்துக்கு வெளியே சாதியற்றவர் என்று கணிக்கப்படும் இரட்டைத் துன்பத்தை நாம் எளிதாக எண்ணலாகாது.

சம்பா கோவிலுக்குச் சென்றவர்களின் கதையில் நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. மேலிருந்து வந்த ஆணைகள் நாற்பது ஆண்டுகளில் செய்யாததை, புறத்தே நிறுத்தப்பட்டோரின் கேள்வி செய்தது. அக்கேள்வி விசுவாசக் குறைவினால் பிறந்ததன்று. தாங்கள் கேட்ட சுவிசேஷம் உண்மையென்று நம்பியதனால் பிறந்தது. நம்பாதவர் சபையைவிட்டு விலகியிருப்பர். இவர்கள் வாசலுக்கு வந்தனர். விதவையின் உவமையை முடிக்கும்போது ஆண்டவர், தாம் வரும்போது விசுவாசத்தைக் காண்பாரோ என்றே வினவுகிறார். விடாது நீதி கேட்பதையே அவர் விசுவாசம் என்கிறார் போலும்.

ஆகவே முறையிடுவோரைப் பார்த்துப் பொறுமை கற்பிக்குமுன், அவ்வுவமையில் நாம் எவ்விடத்தில் நிற்கிறோம் என ஆராய்வோமாக. விதவையின் பக்கத்திலா, அல்லது நியாயாதிபதியின் ஆசனத்திலா?